புற்றுநோயோடு போராடும் அன்பானவருக்குத் துணை நிற்பது எப்படி? விசுவாசக் குடும்பத்துக்கும் சபைக்கும் ஒரு முழுமையான வழிகாட்டி

எலியா சூரைச்செடியின் கீழே படுத்து, "போதும், என்னை எடுத்துக்கொள்ளும்" என்று கேட்டபோது, வந்த தேவதூதன் பிரசங்கம் செய்யவில்லை. தட்டி எழுப்பிச் சாப்பிடச் சொன்னான். தலைமாட்டில் தழலில் சுட்ட அடையும் ஒரு பாத்திரம் தண்ணீரும் இருந்தன. எலியா சாப்பிட்டுவிட்டு மறுபடியும் தூங்கிப்போனார். இரண்டாம் முறையும் தூதன் வந்து அதையேதான் செய்தான், போகவேண்டிய பயணம் வெகுதூரம் என்ற ஒரு வார்த்தையைச் சேர்த்து. ஓரேபில் ஆண்டவர் அவரோடு பேசியதெல்லாம் நாற்பது நாள் நடைக்குப் பிறகுதான் (1 இராஜாக்கள் 19).

புற்றுநோய் வந்த ஒருவர் வீட்டில் பெரும்பாலும் இந்த வரிசையைத் தலைகீழாக மாற்றிவிடுகிறோம். முதலில் வசனம், பிறகு ஆலோசனை, பிறகு சாட்சி. தூக்கமும் சாப்பாடும் ஆஸ்பத்திரிக்குப் போய்வர வண்டியும் கடைசியில், அதுவும் யாராவது ஞாபகப்படுத்தினால் மட்டும். இந்த வழிகாட்டி தூதனின் வரிசையில் போகிறது.

முதல் வாரம்: யாரிடம் சொல்வது, யார் சொல்வது

பயாப்சி ரிப்போர்ட் வந்தவுடன் பலர் செய்யும் முதல் காரியம், ஜெபக் குழுவுக்குச் செய்தி அனுப்புவது. நோக்கம் நல்லதுதான். ஆனால் நோயாளியின் சம்மதம் இல்லாமல் போன ஜெப விண்ணப்பம் ஒரே மாலையில் ஊர்ப்பேச்சாகிவிடும். மார்பகம், கருப்பை, புராஸ்டேட், குடல் என்று உடலின் அந்தரங்கமான இடங்களில் வரும் நோய் இது. தன் உடம்பைப் பற்றி முன்பின் தெரியாதவர்கள்கூடப் பேசுகிறார்கள் என்று தெரியும்போது நோயாளிக்கு வரும் கூச்சம், நோயைவிடப் பெரிய தனிமையைக் கொடுக்கும்.

ஆகவே முதலில் அவரிடமே கேளுங்கள்: "யாருக்கெல்லாம் தெரியலாம்? எந்த அளவுக்குச் சொல்லலாம்?" பிறகு மூன்று வரியில் ஒரு செய்தி எழுதி அவரிடம் காட்டுங்கள். என்ன நோய் என்பதை அவர் விரும்பினால் மட்டும் குறிப்பிடுங்கள். சிகிச்சை எப்போது தொடங்குகிறது, இப்போது எதற்காக ஜெபிக்க வேண்டும் என்பது போதும். அவர் சரி என்று சொன்ன வாசகம் மட்டுமே வெளியே போகட்டும். விசாரிக்கும் போன்களை எடுக்க ஒருவரை நியமியுங்கள். அவர் நோயாளியின் கணவராகவோ மனைவியாகவோ இருக்கவேண்டாம். ஒரு நாளைக்கு இருபது பேருக்கு ஒரே கதையைத் திரும்பச் சொல்வது அவர்களை உருக்குலைத்துவிடும்.

இன்னொரு பக்கம், நோயாளிக்கே உண்மையைச் சொல்லாமல் மறைக்கும் குடும்பங்களும் உண்டு. "தெரிஞ்சா மனசு உடைஞ்சிடும்" என்பதுதான் காரணம். ஆனால் முடி கொட்டும்போது, கீமோ வார்டில் பக்கத்துப் படுக்கைக்காரர் பேசும்போது, வீட்டார் கதவுக்கு வெளியே நின்று குசுகுசுக்கும்போது அவருக்குத் தெரிந்துவிடும். அதன்பின் அவரும் தெரியாததுபோல் நடிப்பார். எல்லோரும் சேர்ந்து அழவேண்டிய நேரத்தில் ஒவ்வொருவரும் தனித்தனியாக அழுவார்கள். "டாக்டர் சொல்றதுல எவ்வளவு தெரிஞ்சுக்கணும்னு நினைக்கிறீங்க?" என்று நேராகக் கேட்பதே மரியாதை. சிலர் எல்லாவற்றையும் கேட்பார்கள். சிலர் "நீங்களே பார்த்துக்கோங்க" என்பார்கள். இரண்டுமே அவர்களுடைய உரிமை.

வீட்டில் குழந்தைகள் இருந்தால் அவர்களுக்கு மூன்று விஷயங்கள் தெரிந்தே ஆகவேண்டும்: நோயின் பெயர் புற்றுநோய், அது தொட்டால் ஒட்டாது, அவர்கள் செய்த எதனாலும், நினைத்த எதனாலும் அது வரவில்லை. கடைசி விஷயத்தை அவர்கள் கேட்காவிட்டாலும் சொல்லிவிடுங்கள். "நான் சேட்டை பண்ணினதாலதான் இயேசப்பா அம்மாவுக்கு இப்படிப் பண்ணிட்டாரோ" என்ற எண்ணத்தைப் பிள்ளைகள் வாய்விட்டுச் சொல்வதில்லை.

டாக்டரின் அறையில்

கெட்ட செய்தி கேட்கும் மனது அடுத்த வார்த்தைகளைப் பிடித்துவைக்காது. அதனால் கூடப் போகிறவர் ஒரு நோட்டுப் புத்தகத்தோடு போகவேண்டும். முன்தினமே கேள்விகளை எழுதிக்கொள்ளுங்கள். மிக முக்கியமான கேள்வி, பலர் கேட்கத் தயங்கும் கேள்வி இது: "இந்தச் சிகிச்சையின் நோக்கம் என்ன? முழுமையாகக் குணப்படுத்தவா, நோயைக் கட்டுக்குள் வைக்கவா, அல்லது தொந்தரவைக் குறைக்கவா?" இதற்குப் பதில் தெரியாமல் ஒரு குடும்பம் எந்த முடிவும் எடுக்க முடியாது, சரியாக ஜெபிக்கவும் முடியாது.

பிறகு, எத்தனை சுற்று, எத்தனை நாள் இடைவெளி, என்ன பக்கவிளைவு வரலாம், ராத்திரி பன்னிரண்டு மணிக்குக் காய்ச்சல் வந்தால் எந்த எண்ணுக்குப் போன் செய்வது என்று கேளுங்கள். அந்த எண்ணை வீட்டில் எல்லோர் கண்ணிலும் படும் இடத்தில் ஒட்டுங்கள். ஒரே ஃபைலில் பயாப்சி ரிப்போர்ட், ஸ்கேன் ரிப்போர்ட்டுகள், ரத்தப் பரிசோதனைகள், இப்போது சாப்பிடும் எல்லா மருந்துகளின் பெயர், மில்லிகிராம் அளவு, நேரம், ஒவ்வாமைகள் ஆகியவை இருக்கட்டும். அவசரமாக வேறு ஆஸ்பத்திரிக்குப் போக நேர்ந்தால் இந்த ஒரு ஃபைல் பல மணி நேரத்தை மிச்சப்படுத்தும்.

என்ன பேசுவது

யோபின் நண்பர்கள் மூவரும் ஏழு நாள் இரவும் பகலும் அவரோடு தரையில் உட்கார்ந்திருந்தார்கள். அவருடைய துக்கம் மகா கொடியது என்று கண்டு ஒரு வார்த்தையும் பேசவில்லை. அதுவரை அவர்கள் நல்ல நண்பர்கள். வாயைத் திறந்து காரணம் சொல்லத் தொடங்கியபோதுதான் கெட்டது. கடைசியில் ஆண்டவர் கோபித்துக்கொண்டது கேள்வி கேட்ட யோபின்மேல் அல்ல, தமக்காக வாதாடிய நண்பர்கள்மேல் (யோபு 42:7).

நல்ல எண்ணத்தோடு சொல்லப்பட்டும் காயப்படுத்தும் வாக்கியங்கள் சில உண்டு. "விசுவாசம் மட்டும் வையுங்க, சுகம் நிச்சயம்" என்றால், ஸ்கேன் மோசமாக வரும் நாளில் நோயாளி தன் விசுவாசத்தையும் குற்றவாளிக் கூண்டில் ஏற்றுவார். "ஏதாவது பாவம் இருக்கான்னு யோசிச்சுப் பாருங்க" என்பது, பிறவிக் குருடனைப் பார்த்துச் சீஷர்கள் கேட்ட அதே கேள்வி. இவனும் பாவம் செய்யவில்லை, இவனைப் பெற்றவர்களும் செய்யவில்லை என்று இயேசு அதை நேரடியாக மறுத்தார் (யோவான் 9). "எங்க மாமாவுக்கும் இதேதான், ஆறு மாசத்துல..." என்று தொடங்கும் கதைகளை வாசற்படியிலேயே விட்டுவிட்டு வாருங்கள். "தேவன் காரணமில்லாம எதையும் அனுமதிக்க மாட்டார்" என்பதை நோயாளியே சொன்னால் அது அவருடைய விசுவாச அறிக்கை. நாற்காலியில் உட்கார்ந்திருக்கும் ஆரோக்கியமானவர் சொன்னால் அது கல்.

பவுல் மூன்று தரம் வேண்டிக்கொண்டும் முள் எடுக்கப்படவில்லை. தன்னோடு ஊழியம் செய்த துரோப்பீமுவை நோயாளியாகவே மிலேத்துவில் விட்டுவந்தார். தீமோத்தேயுவுக்கு அடிக்கடி உடல்நலக் குறைவு இருந்தது. இவர்களில் ஒருவருக்கும் விசுவாசக் குறைவு என்று வேதம் எழுதவில்லை. உடனே சுகம் கிடைத்தவர்களைப் பற்றிப் படிக்கும் வீட்டில் இவர்களையும் படியுங்கள்.

சொல்லக்கூடியவை எளிமையானவை. "என்ன சொல்றதுன்னே தெரியல அக்கா, ஆனா நான் கூட இருக்கேன்." "இன்னைக்கு எப்படி இருக்கு?" இதில் 'இன்னைக்கு' என்ற வார்த்தை முக்கியம். பொதுவாக "எப்படி இருக்கீங்க?" என்றால் "பரவாயில்லை" என்றுதான் பதில் வரும். இன்றைய நாளைப் பற்றிக் கேட்டால் தூக்கமின்மை, வாய்ப்புண், பயம் என்று உண்மை வெளியே வரும். அவர் கோபமாகப் பேசினால் திருத்தாதீர்கள். கடவுள்மேலேயே கோபப்பட்டாலும் பதறாதீர்கள். 13-ஆம் சங்கீதம் "எதுவரைக்கும், கர்த்தாவே" என்று முறையிட்டுத்தான் தொடங்குகிறது. 88-ஆம் சங்கீதம் விடிவே இல்லாமல் இருளில் முடிகிறது, ஆனாலும் ஜெபப் புத்தகத்தில் இருக்கிறது. அழுகை வந்தால் சேர்ந்து அழலாம். சில நிமிடங்களில் லாசருவை எழுப்பப்போகிறோம் என்று தெரிந்தும் இயேசு கண்ணீர் விட்டார்.

நோயைத் தவிர மற்றவற்றையும் பேசுங்கள். அவருக்குப் பிடித்த விளையாட்டு, பேரப்பிள்ளையின் பரீட்சை, சபைப் பாடகர் குழுவில் நடந்த ஒரு வேடிக்கை. அவர் நோயாளி மட்டும் அல்ல என்பதை நினைவூட்ட இதைவிட நல்ல வழி இல்லை.

ஜெபிக்கும் முறை

ஜெபிக்கலாமா என்று கேளுங்கள். இப்போது வேண்டாம் என்றால் அதை மதியுங்கள். ஜெபம் இரண்டு நிமிடத்துக்குள் முடியட்டும். குமட்டலோடு உட்கார்ந்திருப்பவருக்குப் பத்து நிமிட ஜெபம் தண்டனை. ஜெபத்துக்குள் புத்திமதியை மறைத்து வைக்காதீர்கள். "ஆண்டவரே, இவர் கவலையை விட்டுவிட உதவி செய்யும்" என்பது ஆண்டவரிடம் பேசுவது போலத் தோன்றினாலும் நோயாளியைக் கண்டிப்பதுதான். "எதுக்காக ஜெபிக்கட்டும்?" என்று கேட்டால் பெரும்பாலும் சின்னச் சின்ன விஷயங்கள் வரும்: நாளைக்கு ஊசி குத்தும்போது நரம்பு சீக்கிரம் கிடைக்கவேண்டும், இன்று ராத்திரி நாலு மணி நேரமாவது தூங்கவேண்டும், வெள்ளிக்கிழமை ஸ்கேன் ரிசல்ட் வரும்வரை மனது ஆடாமல் இருக்கவேண்டும். அவற்றை அப்படியே பெயர் சொல்லி ஜெபியுங்கள். முழுச் சுகத்துக்காகவும் தைரியமாகக் கேளுங்கள். கெத்செமனேயில் ஆண்டவரே முதலில் தன் விருப்பத்தைச் சொல்லிவிட்டுத்தான் பிதாவின் சித்தத்துக்கு ஒப்புக்கொடுத்தார். இரண்டில் எதையும் விட்டுவிட வேண்டியதில்லை.

எண்ணெய் பூசி ஜெபிப்பதைப் பற்றி யாக்கோபு 5:14 சொல்வதைக் கவனியுங்கள். நோயாளிதான் மூப்பரை வரவழைக்கிறார், மூப்பர் கூட்டமாக வந்து நிற்பதில்லை. கத்தோலிக்கக் குடும்பங்களில் இன்னொரு தயக்கம் உண்டு. முன்பு இதை அவஸ்தைபூசுதல் என்று அழைத்ததால், குருவை அழைத்தாலே முடிவு நெருங்கிவிட்டது என்று நோயாளி பயப்படுவார். இரண்டாம் வத்திக்கான் சங்கத்துக்குப் பிறகு அது நோயிற்பூசுதல். கடும் நோயிலிருக்கும் எவருக்கும், பெரிய ஆபரேஷனுக்கு முன்பும் கொடுக்கலாம், தேவையானால் மீண்டும் பெறலாம். இதை முன்கூட்டியே சொல்லிவிட்டால் பயம் போய்விடும்.

இனி உடம்பு சார்ந்த கவனம். கையை வைத்து ஜெபிக்கிற ஒவ்வொருவரும் சோப்புப் போட்டு 20 விநாடி கை கழுவவேண்டும். இரண்டு மூன்று பேர் போதும். மார்பில் போர்ட் (மருந்து ஏற்றத் தோலுக்கடியில் வைக்கும் சிறு கருவி) பொருத்தியிருக்கும் இடத்தையும், கையில் குழாய் போட்டிருக்கும் இடத்தையும் தொடாதீர்கள். ரேடியேஷன் படும் தோலில் எண்ணெய் படக்கூடாது. அங்கே தோல் ஏற்கெனவே எரிந்து சிவந்திருக்கும், எதைத் தடவுவதானாலும் ரேடியேஷன் குழுவைக் கேட்டே ஆகவேண்டும். தலைக்கு ரேடியேஷன் நடந்தால் நெற்றிக்குப் பதில் உள்ளங்கையில் ஒரு துளி போதும். வாசனை சேர்த்த எண்ணெய் குமட்டலைக் கிளப்பும், வாசனையில்லாததை எடுத்துப்போங்கள்.

திருவிருந்திலும் இதே கவனம் தேவை. தொற்றை எதிர்க்கும் வெள்ளையணுக்கள் குறைந்திருக்கும் நாட்களில் ஒரே கிண்ணத்தில் பலர் அருந்துவது அவருக்கு ஆபத்து. தனிக் கிண்ணம் கொடுங்கள், அல்லது அவருக்கு முதலில் கொடுங்கள். வாய்ப்புண் இருந்தால் திராட்சரசம் எரியும், அப்பம் குத்தும். கடுகளவு அப்பத்தை நன்றாக நனைத்துக் கொடுக்கலாம். விழுங்கவே முடியாதவருக்கு எது முறை என்பதைப் போதகரோ குருவோ முன்னமே யோசித்து வைத்திருக்கட்டும், படுக்கையருகே நின்று குழம்பவேண்டாம்.

உபவாசத்தைப் பற்றி எந்தச் சந்தேகமும் வேண்டாம்: சிகிச்சையில் இருப்பவர் உபவாசம் இருக்கக்கூடாது. எடை குறைந்தால் கீமோவைத் தாங்கும் சக்தி குறையும், டோஸைக் குறைக்கவோ தள்ளிப்போடவோ நேரிடும். அவருக்காக உபவாசம் இருக்க விரும்பும் நண்பர்கள் இருக்கட்டும், அவர் சாப்பிடட்டும்.

ஜெபிக்கவே முடியவில்லை என்று அவர் சொல்லும் நாட்கள் வரும். திமிர்வாதக்காரனைப் படுக்கையோடு சுமந்து கூரையைப் பிரித்து இறக்கியவர்கள் நாலு பேர். இயேசு பார்த்தது *அவர்களுடைய* விசுவாசத்தை (மாற்கு 2). "இப்போ நீங்க ஜெபிக்க வேண்டாம் அண்ணே, நாங்க பார்த்துக்கிறோம்" என்று சொல்லுங்கள். அதைக் கேட்டு நிம்மதியாகத் தூங்கிப்போனவர்கள் பலர்.

மருந்தை நிறுத்தச் சொல்பவர்கள்

யாராவது ஒருவர் வருவார். கீமோவை நிறுத்துவதே விசுவாசத்தின் அடையாளம் என்பார். இங்கே தயவுதாட்சண்யம் வேண்டாம். ஆரம்ப நிலையில் குணப்படுத்தக்கூடிய பல புற்றுநோய்கள், சிகிச்சை தள்ளிப்போகும் ஒவ்வொரு மாதமும் பரவ இடம் பிடிக்கும். பிறகு திரும்பி வரும்போது அதே மருந்து அதே பலனைத் தராது. எசேக்கியா ஜெபித்தார், பதினைந்து வருஷம் கூட்டிக்கொடுக்கப்பட்டது. ஆனாலும் ஏசாயா அத்திப்பழ அடையைப் பிளவையின்மேல் பற்றுப்போடச் சொன்னார். நல்ல சமாரியன் காயத்தில் எண்ணெயும் திராட்சரசமும் வார்த்துக் கட்டினான். லூக்கா வைத்தியராகவே பிரியமானவர். ஜெபமும் மருந்தும் ஒன்றோடொன்று போட்டி போடுவதாக வேதத்தில் எங்கும் இல்லை.

அப்படிப்பட்டவரை நோயாளியோடு தனியாக விடாதீர்கள். "நன்றி, சிகிச்சையைப் பற்றி முடிவு எடுத்தாச்சு. ஜெபத்துல மட்டும் நினைச்சுக்கோங்க" என்று ஒரே வாக்கியத்தில் முடியுங்கள். மேடையில் ஏறிச் "சுகமானேன்" என்று சாட்சி சொல்லும்படி கேட்பதையும் தடுங்கள். சிகிச்சை முடியும் முன்பே சாட்சி சொன்னவர், நோய் திரும்பினால் சபைக்கு வரவே வெட்கப்படுவார். மூலிகைப் பொடி, கஷாயம், சத்து மாத்திரை எதுவானாலும் டாக்டரிடம் காட்டாமல் கொடுக்காதீர்கள். சில மூலிகைகள் கல்லீரலில் கீமோ மருந்து உடையும் வேகத்தை மாற்றிவிடும். மருந்து தேங்கி விஷமாகலாம், அல்லது வேலை செய்யாமலே போகலாம்.

கீமோ நாட்களில் வீட்டில்

இது சபை நண்பர்கள் பெரும்பாலும் அறியாத பகுதி, ஆனால் உயிர் காப்பது இதுதான். பெரும்பாலான கீமோ மருந்துகளில், மருந்து ஏறிய 7-ஆம் நாள் முதல் 14-ஆம் நாள் வரை வெள்ளையணுக்கள் அடிமட்டத்தில் இருக்கும். அப்போது வரும் சாதாரணத் தொற்றுகூட ஒரே இரவில் உயிருக்கு ஆபத்தாகலாம். காய்ச்சல் மட்டுமே அடையாளமாக இருக்கும், சீழோ வீக்கமோ தெரியாது, ஏனென்றால் அவற்றை உண்டாக்கும் அணுக்களே இல்லை.

டிஜிட்டல் தெர்மாமீட்டர் ஒன்று கைக்கெட்டும் இடத்தில் இருக்கட்டும். 38 டிகிரி செல்சியஸ், அதாவது 100.4 ஃபாரன்ஹீட் தொட்டால் விடியும்வரை காத்திருக்காமல் உடனே ஆஸ்பத்திரி. அதற்குமுன் பாரசிட்டமால் கொடுத்துக் காய்ச்சலை மறைக்காதீர்கள். உடனே போகவேண்டிய மற்ற அடையாளங்கள்:

- நடுக்கத்தோடு குளிர், குழப்பமான பேச்சு, எழுப்ப முடியாத மயக்கம்
- பத்து நிமிடம் அழுத்திப் பிடித்தும் நிற்காத ரத்தம், கறுப்பு மலம்
- திடீர் மூச்சுத்திணறல், ஒரு கால் மட்டும் வீங்குவது
- புதிதாக வந்த முதுகுவலியோடு கால் பலவீனம், சிறுநீர் மலம் கட்டுப்பாடு போவது (தண்டுவடம் நசுங்குவதாக இருக்கலாம், சில மணி நேரத் தாமதம்கூட நடக்கும் சக்தியைப் பறித்துவிடும்)
- தண்ணீர்கூடத் தங்காத வாந்தி

மருந்து ஏறி 48 மணி நேரம்வரை சிறுநீர், மலம், வாந்தியில் மருந்து கலந்திருக்கும். சில மருந்துகளுக்கு இன்னும் அதிக நேரம். சுத்தம் செய்பவர் கையுறை போடவேண்டும், டாய்லெட்டை மூடிவிட்டு இரண்டு முறை ஃபிளஷ் செய்யவேண்டும், அழுக்கான துணியைத் தனியாகத் துவைக்கவேண்டும். கர்ப்பிணிகள் இந்த வேலையைச் செய்யக்கூடாது. ஆனால் கட்டிப்பிடிப்பதிலும் பக்கத்தில் உட்காருவதிலும் எந்த ஆபத்தும் இல்லை. இதைத் தெளிவாகச் சொல்லவேண்டும், ஏனென்றால் பயத்தில் உறவினர் விலகி உட்காருவதை நோயாளி கவனித்துக்கொண்டே இருப்பார்.

குமட்டலுக்கான மாத்திரையைக் குமட்டல் வந்தபிறகு கொடுத்தால் பாதிப் பலன்தான். எழுதிய நேரத்தில் கொடுத்துவிடுங்கள். மூன்று வேளைச் சாப்பாட்டை ஆறு சிறு பங்காகப் பிரியுங்கள். சூடான உணவின் ஆவியும் மணமும் குமட்டும். ஆறவைத்துக் கொடுத்தால் இறங்கும். தாளிக்கும்போது அவர் அறைக் கதவை மூடிவையுங்கள். எடையை வாரம் ஒருமுறை, ஒரே நேரத்தில், ஒரே மாதிரி உடையில் பார்த்து எழுதுங்கள்.

வாய்ப்புண்ணுக்கு: ஒரு கப் வெதுவெதுப்பான தண்ணீர், சுமார் 240 மில்லி. அதில் கால் டீஸ்பூன் சமையல் சோடா, அரைக்கால் டீஸ்பூன் உப்பு. கரையும்வரை கலக்கி, கொஞ்சம் கொஞ்சமாக வாயில் வைத்துச் சுழற்றித் துப்பவேண்டும், பிறகு வெறும் தண்ணீரில் கொப்பளிக்கவேண்டும். விழித்திருக்கும் நேரத்தில் மூன்று மணி நேரத்துக்கு ஒருமுறை. உப்பைக் கூட்டினால் எரியும், எரிந்தால் விட்டுவிடுவார், விட்டால் புண் முற்றும். ஆல்கஹால் கலந்த மவுத்வாஷ் வேண்டவே வேண்டாம்.

குமட்டலைத் தடுக்கக் கீமோவோடு ஸ்டீராய்டு கொடுத்திருந்தால் இரண்டு மூன்று நாள் தூக்கம் வராது, எரிச்சல் வரும், காரணமில்லாமல் கத்துவார். அது அவருடைய குணமும் அல்ல, ஆவிக்குரிய வீழ்ச்சியும் அல்ல. மாத்திரை.

சபையின் காலண்டர்

"ஏதாவது தேவைன்னா சொல்லுங்க" என்பது வேலையை நோயாளியின் தலையிலேயே திருப்பி வைக்கும் வாக்கியம். அவர் யாரையும் கேட்கமாட்டார். எருசலேம் சபையில் விதவைகளுக்குச் சாப்பாடு போய்ச் சேரவில்லை என்று முறுமுறுப்பு வந்தபோது, அப்போஸ்தலர் இன்னும் அன்பாயிருங்கள் என்று சொல்லி அனுப்பவில்லை. ஏழு பேரைத் தெரிந்தெடுக்கச் சொன்னார்கள், சபையார் பெயர் சொல்லித் தெரிந்தெடுத்தவர்களிடம் வேலையை ஒப்படைத்தார்கள் (அப்போஸ்தலர் 6).

அதேபோல் செய்யுங்கள். மூன்று வாரத்துக்கு ஒருமுறை கீமோ என்றால், 21 கட்டங்கள் வரைந்து பெயர்களை நிரப்புங்கள். முதல் நாள்: வண்டி ஓட்ட ஒருவர், பிள்ளைகளைப் பள்ளியிலிருந்து அழைத்துவர ஒருவர். 2 முதல் 6 வரை: சாப்பாடு வாசலில் வைத்துவிட்டுப் போகவேண்டும், உள்ளே வரவேண்டாம். 7 முதல் 14 வரை: கூட்டம் கிடையாது, வீட்டு ஜெபக்கூட்டம் கிடையாது, சளி இருமல் உள்ள யாரும் எட்டிப்பார்க்கக் கூடாது. துணி துவைப்பது, கடைக்குப் போவது, பில் கட்டுவது இந்த நாட்களின் வேலை. 15 முதல் 21 வரை: சாப்பாடு ருசிக்கும் நாட்கள். பார்க்க வருவதும், பாடுவதும், ஆராதனைக்கு அழைத்துப்போவதும் அப்போதுதான். வாரந்தோறும் கீமோ நடப்பவர்களுக்கும் மாத்திரையாகச் சாப்பிடுபவர்களுக்கும் இந்தக் கட்டங்கள் மாறும். சிகிச்சைக் குழுவிடம் கேட்டு வரையுங்கள். பார்க்க வருபவர் இருபது நிமிடத்தில் எழுந்துவிடவேண்டும். "இருங்களேன்" என்று சொன்னாலும்.

உதவியை இப்படிச் சொல்லுங்கள்: "வியாழக்கிழமை காலையில ஏழு மணிக்கு வண்டியோட வந்துடறேன். வேண்டாம்னா மட்டும் மெசேஜ் போடுங்க." பணம் கொடுப்பதானால் கவரில் போட்டு, பெயர் எழுதாமல், ஒருவர் மூலமாகக் கொடுங்கள்.

வலி

நவீன ஹாஸ்பிஸ் (குணமாகாத நோயாளிகளைக் கடைசிவரை பராமரிக்கும் இல்லம்) இயக்கத்தைத் தொடங்கிய சிசிலி சாண்டர்ஸ் நர்ஸாக, சமூகப் பணியாளராக, பிறகு டாக்டராக வேலை செய்தவர், ஆழ்ந்த கிறிஸ்தவ விசுவாசி. 1967-இல் லண்டனில் செயின்ட் கிறிஸ்டோபர்ஸ் ஹாஸ்பிஸைத் திறந்தார். உடல் வலியை மனவேதனை, குடும்பக் கவலை, ஆத்துமாவின் தவிப்பு ஆகியவற்றிலிருந்து பிரிக்கமுடியாது என்பதை "முழு வலி" என்ற பெயரில் கற்பித்தார். வலி வந்தபின் அல்ல, வருமுன் நேரம் தவறாமல் மருந்து கொடுப்பது அவர் வலியுறுத்திய முறை.

வீட்டில் 0 முதல் 10 வரை எண் கேட்டு எழுதுங்கள்: 0 வலியில்லை, 10 தாங்கவே முடியாதது. எத்தனை மணிக்கு, எந்த இடத்தில், மருந்துக்குப்பின் எத்தனை ஆனது என்று எழுதிய பக்கத்தை டாக்டரிடம் காட்டினால் டோஸ் சரியாக அமையும். மார்ஃபின் என்றால் குடும்பங்கள் பயப்படுகின்றன. புற்றுநோய் வலிக்கு டாக்டர் கணக்கிட்டுக் கொடுக்கும்போது அடிமைத்தனம் வருவது அரிது, முறையான அளவில் அது மரணத்தை விரைவுபடுத்துவதும் இல்லை. தவறாமல் வரும் ஒரே தொல்லை மலச்சிக்கல். முதல் நாளிலிருந்தே மலமிளக்கியும் கேட்டு வாங்குங்கள். நீண்ட நேரம் வேலை செய்யும் மாத்திரையை உடைக்கவோ பொடிக்கவோ கூடாது. பன்னிரண்டு மணி நேர மருந்து ஒரேயடியாக இறங்கிவிடும். வலியைப் பொறுத்துக்கொள்வது விசுவாசத்தின் அளவுகோல் அல்ல என்பதைப் போதகர் வாயால் சொல்லவையுங்கள். சில முதியவர்கள் அவர் சொன்னால்தான் மாத்திரையை விழுங்குவார்கள்.

பார்த்துக்கொள்பவர்

மோசேயின் கைகள் தளர்ந்தபோது ஆரோனும் ஊர் என்பவரும் கைகளைத் தாங்குமுன் உட்காரக் கல் போட்டார்கள் (யாத்திராகமம் 17:12). பார்த்துக்கொள்கிற மனைவிக்கோ மகனுக்கோ அந்தக் கல், வாரத்தில் ஒரு முழு அரைநாள். வேறொருவர் வந்து பொறுப்பை ஏற்க, அவர் வீட்டைவிட்டு வெளியே போகவேண்டும். ராத்திரிக் காவலை வாரம் இரண்டு நாளாவது மாற்றிக்கொள்ளுங்கள். எதற்கெடுத்தாலும் அழுகை, சாப்பாடு மறப்பது, தன் பிரஷர் மாத்திரையை நிறுத்திவிடுவது, "நானே போய்ச் சேர்ந்துட்டா நல்லாருக்கும்" என்ற பேச்சு ஆகியவை தெரிந்தால் அவரையும் டாக்டரிடம் அழைத்துப்போங்கள். நோயாளியைப் பற்றி விசாரித்த பிறகு, தனியாக, "நீங்க எப்படி இருக்கீங்க?" என்று அவரையும் கேளுங்கள்.

சிகிச்சை முடிந்தபின், அல்லது சிகிச்சை கைகொடுக்காதபோது

சிகிச்சை முடிந்த நாளில் சபை ஸ்தோத்திரம் சொல்லிவிட்டுக் கலைந்துபோகும். நோயாளிக்கோ களைப்பு பல மாதம் நீடிக்கும், கைகால் மரத்துப்போயிருக்கும், ஒவ்வொரு ஸ்கேனுக்கும் முந்தைய வாரம் தூக்கம் போகும். ஸ்கேன் தேதியைக் குறித்துவைத்து முந்தின நாள் போன் செய்யுங்கள்.

குணமாகாது என்று தெரியும்போது வலியையும் தொந்தரவையும் குறைக்கும் நோய்த்தணிப்புச் சிகிச்சைக் குழுவைக் கடைசி வாரத்துக்கு ஒத்திவைக்காதீர்கள். அதை ஏற்பது ஆண்டவர்மேல் நம்பிக்கை இழப்பது அல்ல. இந்தக் காலத்தில் அவரிடம் கேட்கவேண்டியவை உண்டு: எங்கே இருக்க விரும்புகிறார், யாரைப் பார்க்கவேண்டும், யாரோடு ஒப்புரவாகவேண்டும், அடக்க ஆராதனையில் எந்தப் பாட்டு. அவரே பேச்சை எடுக்கும்போது "அப்படியெல்லாம் பேசாதீங்க" என்று வாயை அடைக்காதீர்கள்.

கடைசி நாட்களில் பசியும் தாகமும் தானாகவே அடங்கும். வற்புறுத்தி ஊட்டினால் நுரையீரலுக்குள் போகும். சிறு பஞ்சுக் குச்சியைத் தண்ணீரில் நனைத்து, பிழிந்து, உதட்டின் ஓரத்திலிருந்து உள்பக்கமாக மெதுவாக ஒற்றுங்கள். உதட்டில் ஈரம் காக்கும் களிம்பு தடவுங்கள். மூச்சு வேகமாகி, மெதுவாகி, சில விநாடி நின்று மீண்டும் தொடங்கும். தொண்டையில் கரகரவென்ற சத்தம் வரலாம். பார்ப்பவர்களுக்குத்தான் பயம், அவருக்குப் பெரும்பாலும் அதில் வேதனை இல்லை. ஒருக்களித்துப் படுக்கவைத்தால் குறையும். பதில் இல்லாவிட்டாலும் காது கேட்கிறது என்றே எண்ணி நடந்துகொள்ளுங்கள். அறையில் சொத்துப் பேச்சு வேண்டாம். 23-ஆம் சங்கீதத்தை மெதுவாக, அவருக்குப் பழக்கமான மொழிபெயர்ப்பில் வாசியுங்கள். பழைய பாமாலை ஒன்றைத் தாழ்ந்த குரலில் பாடுங்கள். "நாங்க பார்த்துக்கிறோம்ப்பா, நீங்க நிம்மதியா போங்க" என்று சொல்லவேண்டியவர் சொல்லட்டும்.

அடக்கம் முடிந்ததும் மீதியுள்ள மார்ஃபினை எண்ணி, கொடுத்த இடத்திலேயே திருப்பிக் கொடுங்கள். அந்த 21 கட்டக் காலண்டரைக் கழற்றிப் போட்டுவிடாதீர்கள். அடுத்த மூன்று மாதத்துக்கு அதே பெயர்கள் இருக்கட்டும்; ஒரு நாள் சாப்பாடு, ஒரு நாள் பில், ஒரு நாள் வெறுமனே பக்கத்தில் உட்காருவதற்கு. பிறந்தநாள், திருமண நாள், முதல் கிறிஸ்துமஸ், இறந்த தேதி நான்கையும் இப்போதே அதில் குறித்து, ஒவ்வொன்றுக்கும் எதிரே ஒரு பெயரை எழுதிவிடுங்கள்.